ஐந்து மாடல்கள், ஒரு டெர்மினல்: விமான நிலைய விரிவாக்கத்துக்கு வடிவமைப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

2019 ஜனவரியில் சிகாகோவின் கட்டடக்கலை மையத்தில் ஐந்து மாடல்களை மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். ஒஹேர் விமான நிலையத்தில் 1960-களில் கட்டிய இரண்டாவது டெர்மினலை இடித்துவிட்டு, அந்த இடத்தில் எழுப்பப்போகும் புது டெர்மினலுக்கு ஐந்து குழுக்கள் கொடுத்த வடிவமைப்புகள் அவை. உலகப் பெயர் பெற்ற கட்டடக்கலைஞர்களான நார்மன் ஃபாஸ்டர் இருந்தார், சாண்டியாகோ கலத்ராவா இருந்தார். டென்வர் விமான நிலையத்துக்குக் கூடாரக் கூரை போட்ட ஃபென்ட்ரஸ், மும்பையின் இரண்டாவது டெர்மினலை வரைந்த எஸ்.ஓ.எம்., உள்ளூர்க்காரரான ஜீன் கேங் என்று மற்றவர்களும் சாமானியர்கள் இல்லை. ஊர்மக்கள் பார்த்தார்கள், இணையத்தில் 40 ஆயிரத்துக்கும் மேல் வாக்குகள் விழுந்தன. மார்ச் கடைசியில் மேயர் ராம் இமானுவேல் முடிவை அறிவித்தார். ஜீன் கேங் தலைமையில் ஐந்து நிறுவனங்கள் சேர்ந்த ஸ்டூடியோ ஓ.ஆர்.டி. குழுவுக்கு வேலை கிடைத்தது.

இதை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, மாடல்களை வரிசையாக வைத்து அழகானதைப் பொறுக்கி எடுத்தார்கள் என்றுதான் தோன்றும். அப்படி நடந்தால் அந்த விமான நிலையம் உருப்படாது. மாடல் மேஜைக்கு வரும்போது முக்கால்வாசித் தேர்வு முடிந்திருக்க வேண்டும். எது வேண்டும், யார் காசு, எந்த முறையில் கேட்பது, எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதெல்லாம் அதற்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டிய விஷயங்கள். ஒஹேரை முன்னால் வைத்துக்கொண்டு, அந்த வேலையை ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம். தேர்வுக்குழுவில் உட்காருபவர், கட்டடக்கலை படிப்பவர், 'நம் ஊரில் இப்படி ஒன்றைக் கட்டுகிறார்களே, எப்படி முடிவு செய்தார்கள்?' என்று கேட்கும் பயணி, மூவரையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: நோயைக் கண்டுபிடியுங்கள், மருந்தை அப்புறம் பார்க்கலாம்

ஒஹேரின் நோய் என்ன? டெல்லியிலிருந்து நேரடி விமானத்தில் சிகாகோ வந்து, அங்கிருந்து யுனைடெட் விமானம் பிடித்து இன்னொரு ஊரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகும் ஒரு அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் இறங்குவது ஐந்தாவது டெர்மினல். 1993-ல் சர்வதேச வருகைக்கென்று கட்டியது, மற்ற மூன்று டெர்மினல்களிலிருந்தும் தள்ளி நிற்கிறது. இமிக்ரேஷன் வரிசையில் நின்று, பெட்டியைத் தானே எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, பெட்டியை மறுபடி ஒப்படைத்து, ரயில் ஏறி முதல் டெர்மினல் போய், அங்கே மறுபடி பாதுகாப்புச் சோதனைக்கு வளையல் கழற்றி, அப்புறம்தான் கேட். சக்கர நாற்காலி கேட்டிருந்தால் ஒவ்வொரு இடத்திலும் ஆள் மாறுவார். மகன் தொலைபேசியில் சொல்லிக்கொடுத்த ஆங்கில வாசகம் பாதி வழியில் மறந்துபோகும்.

இந்த அம்மாதான் திட்டத்தின் மையம். யுனைடெட், அமெரிக்கன் என்ற இரண்டு விமான நிறுவனங்களும் ஒஹேரில் பெரிய முதலாளிகள். அவர்களுடைய உள்நாட்டு விமானங்கள் ஒரு பக்கம், வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குவது இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்தால் அந்த ரயில் தேவைப்படாது. 'குளோபல் டெர்மினல்' என்று பெயர் வைத்ததற்குக் காரணம் அதுதான். சுமார் 22 லட்சம் சதுர அடி என்ற அளவும் அங்கிருந்துதான் பிறந்தது.

ஆகவே முதலில் எழுத வேண்டியது ஒரே ஒரு பக்கம். 'எங்களுக்கு உலகத்தரமான அடையாளச் சின்னம் வேண்டும்' என்று ஆரம்பிக்கும் பக்கத்தைக் கிழித்துப் போடுங்கள். 'இன்ன பயணி, இன்ன இடத்திலிருந்து இன்ன இடத்துக்கு, இன்றைக்கு இத்தனை நிமிடம் எடுக்கிறார், நாளைக்கு இத்தனை நிமிடத்தில் போக வேண்டும்' என்று எழுதுங்கள். அப்படிப் பத்துப் பயணிகளை எழுதினாலே தேவைப்பட்டியல் பாதி வந்துவிடும். பிள்ளைகளோடு வரும் குடும்பம், கடைசி நிமிடத்தில் ஓடிவரும் வியாபாரி, கடையில் வேலை பார்க்கும் பெண், பெட்டி ஏற்றும் தொழிலாளி எல்லோரும் அதில் இருக்க வேண்டும். கடைசி இரண்டு பேரைத்தான் எப்போதும் மறந்துவிடுவார்கள்.

எண்கள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஆண்டுக்கு இத்தனை கோடிப் பயணிகள் என்பது பத்திரிகைச் செய்திக்கு ஆகும், வடிவமைப்புக்கு ஆகாது. கட்டடத்தின் அளவைத் தீர்மானிப்பது நெருக்கடியான அந்த ஒரு மணி நேரம். நம் ஊர் விமான நிலையங்களில் நடுநிசிக்கு வளைகுடா விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும்போது என்ன ஆகிறது என்று நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மதியம் மூன்று மணிக்கு அதே மண்டபத்தில் கிரிக்கெட் ஆடலாம்.

படி 2: காசு போடுபவரை முதல் நாளே உட்கார வையுங்கள்

அமெரிக்காவில் பெரிய விமான நிலையங்கள் பெரும்பாலும் நகராட்சிகளின் அல்லது பொது ஆணையங்களின் சொத்து. கடன் பத்திரம் போட்டுப் பணம் திரட்டுவார்கள். அந்தக் கடனை அடைப்பது, விமான நிறுவனங்கள் கட்டும் தரையிறக்கக் கட்டணமும் டெர்மினல் வாடகையும் பெருமளவில். ஒஹேர் விரிவாக்கத்துக்கு 850 கோடி டாலர் என்று 2018-ல் நகரமும் விமான நிறுவனங்களும் ஒப்பந்தம் போட்டது இதனால்தான். கட்டடக்கலைஞரைத் தேடத் தொடங்கியது அதற்குப் பிறகு. அந்த வரிசை சரியான வரிசை.

ஆனாலும் வரிசை சரியாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் ஒஹேரே சாட்சி. நடுவில் பெருந்தொற்று வந்தது, விலைவாசி ஏறியது, மதிப்பீடு எகிறியது. யுனைடெட்டும் அமெரிக்கனும் 'இந்தச் செலவு எங்களால் ஆகாது' என்று கொடி பிடித்தன. 2024 மே மாதம்தான், எதை முன்னால் கட்டுவது எதைத் தள்ளிப்போடுவது என்று மாற்றி அமைத்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். வடிவமைப்பு தேர்வாகி ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

எனவே தேவைப்பட்டியலிலேயே இரண்டு எண் எழுதுங்கள். ஒன்று, உச்சவரம்பு. இன்னொன்று, 'கால்வாசிப் பணம் குறைந்துவிட்டால் எதை விடுவீர்கள்?' என்ற கேள்விக்கு ஒவ்வொரு குழுவும் தரவேண்டிய பதில். இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. நல்ல நாளில் கெட்ட பேச்சு எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். கேட்டால், எது அந்த வடிவமைப்பின் உயிர், எது நகை என்று குழுவே காட்டிக்கொடுத்துவிடும்.

படி 3: கேட்கும் முறை

திறந்த போட்டி வைக்கலாம், பெயர் தெரியாமல் யார் வேண்டுமானாலும் கலந்துகொள்வார்கள். ஒரு நூலகத்துக்கோ நினைவிடத்துக்கோ அது அருமையான வழி. விமான நிலைய விரிவாக்கத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பெட்டி கையாளும் இயந்திரம் தெரியாத மேதையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, தெரிந்தவரை அவர் தலைமேல் உட்கார வைக்க வேண்டிவரும், அப்புறம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இருக்காது.

நடைமுறையில் நல்ல வழி இரண்டு கட்டம். முதலில் தகுதி மட்டும் கேட்பது: யார் யார் குழுவில், என்ன செய்திருக்கிறார்கள், இந்த வேலைக்கு எந்த ஆள் எத்தனை நேரம் ஒதுக்குவார். அதிலிருந்து நான்கைந்து குழுக்களைப் பொறுக்கி, அவர்களிடம் மட்டும் வடிவமைப்புக் கேட்பது. அப்படிக் கேட்கும்போது எல்லோருக்கும் சமமாக ஒரு தொகை கொடுத்துவிடுங்கள். இவ்வளவு பெரிய வேலைக்கு வடிவமைப்பு செய்ய மாதக்கணக்கில் பத்து இருபது பேர் உட்கார வேண்டும். சும்மா வரைந்து கொடு என்றால், சும்மா வரைந்த மாதிரிதான் இருக்கும்.

கட்டணத்தை எப்போது பேசுவது என்பதில் நாட்டுக்கு நாடு வழக்கம் வேறு. அமெரிக்காவில் மத்திய அரசு வேலைகளுக்கு 1972-லிருந்து ப்ரூக்ஸ் சட்டம் இருக்கிறது. தகுதியைப் பார்த்து முதலிடம் கொடு, அதன்பிறகு அவரிடம் மட்டும் கட்டணம் பேசு, படியாவிட்டால் இரண்டாமவரிடம் போ என்பது அதன் சாரம். மத்திய விமானப் போக்குவரத்து அமைப்பின் மானியம் வாங்கும் விமான நிலைய வேலைகளுக்கும் இதே வழிதான். இந்தியாவில் 2017-ன் பொது நிதி விதிகள் தரத்துக்கு ஒரு பங்கு, விலைக்கு ஒரு பங்கு என்று கூட்டி மதிப்பெண் போட வழி தருகின்றன. தரத்துக்கு 80 விழுக்காடு வரை கொடுக்கலாம். அந்த 80-ஐ முழுதாகப் பயன்படுத்துங்கள் என்பது என் கெஞ்சல். வடிவமைப்புக் கட்டணம் மொத்தச் செலவில் சிறு பங்கு. அதில் மிச்சம் பிடித்தவர்கள், அப்புறம் முப்பது வருஷம் மின்கட்டணத்தில் அதைக் கட்டுவார்கள்.

படி 4: பெயரைப் பார்க்காதீர்கள், குழுவைப் பாருங்கள்

ஜீன் கேங்குக்குப் பெயர் வாங்கித் தந்தது சிகாகோவின் அக்வா கோபுரம், அலையலையான பால்கனிகள் கொண்ட அடுக்குமாடி. விமான நிலைய அனுபவத்தில் ஃபாஸ்டரோடு ஒப்பிட முடியாது. ஃபாஸ்டர் லண்டனுக்கு ஸ்டான்ஸ்டெட் செய்தவர், ஹாங்காங் செய்தவர், பெய்ஜிங்கின் மூன்றாவது டெர்மினல் செய்தவர். அப்படியானால் எந்தத் தைரியத்தில் சிகாகோ ஒப்படைத்தது? குழுவில் கோர்கன் இருந்தது. டல்லாஸைச் சேர்ந்த அந்த நிறுவனத்துக்கு விமான நிலையம் பழகிய தொழில். சிகாகோவின் எஸ்.சி.பி. போன்ற உள்ளூர் நிறுவனங்களும் இருந்தன. ஒருவர் கற்பனை, ஒருவர் கைப்பழக்கம், ஒருவர் ஊர் விதி தெரிந்தவர் என்ற சேர்க்கை.

நேர்காணலில் இதைத்தான் சோதிக்க வேண்டும். பெரிய பெயர் வந்து அரை மணி நேரம் பேசிவிட்டு விமானம் பிடித்துப் போய்விடும். அவரிடம் எதுவும் கேட்காதீர்கள். கடைசி நாற்காலியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் நாற்பது வயதுக்காரரைப் பார்த்து, 'இந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது?' என்று கேளுங்கள். அவர் உடனே சொன்னால், அடுத்த பத்து வருஷம் உங்களோடு இருக்கப்போகிறவர் அவர். பதிலுக்கு அந்தப் பெரிய பெயர்க்காரரின் முகத்தைப் பார்த்தால், கொஞ்சம் யோசியுங்கள்.

படி 5: மதிப்பெண் அட்டை

இதை வடிவமைப்புகள் வந்துசேரும் முன்பே எழுதி, கையெழுத்திட்டு, உறையில் போட்டு ஒட்டுங்கள். வந்தபிறகு எழுதினால், பிடித்ததற்கு ஏற்றபடி அளவுகோல் வளையும். மனித சுபாவம் அப்படி.

நான் போடும் கணக்கு இப்படி இருக்கும்: பயணியின் நடையும் நேரமும் 25, விமானம் நிற்கும் வசதியும் கேட்களும் 20, வேலை நடக்கும்போது நிலையத்தை மூடாமல் கட்டும் திட்டம் 20, பராமரிப்பும் மின்செலவும் 15, அழகும் ஊரின் மணமும் 20. அழகுக்கு 20 குறைவு என்பார்கள் சிலர். நூற்றில் இருபது என்பது ஒரு குழுவை ஜெயிக்க வைக்கப் போதுமானது, தோற்கவேண்டிய குழுவைக் காப்பாற்றப் போதாதது. அந்த அளவில் இருக்கட்டும்.

தேர்வுக்குழுவில் கட்டடக்கலைஞர்கள் இருக்கட்டும், ஆனால் அவர்கள் மட்டும் இருக்கக்கூடாது. நிலையத்தைத் தினமும் ஓட்டுபவர், தீயணைப்பு அதிகாரி, விமான நிறுவனத்தின் தரைப்பணி மேலாளர், சக்கர நாற்காலியில் பயணம் செய்பவர் ஒருவர் வேண்டும். அரசியல்வாதி? முடிவை அறிவிக்க அவரைக் கூப்பிடலாம்.

படி 6: வரைபடத்தைப் படிப்பது

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். தேநீர் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

முதலில் வண்ணப் படங்களையும் வீடியோவையும் சுவர் பக்கம் திருப்பி வையுங்கள். அந்தப் படங்களில் எப்போதும் சாயங்கால வெளிச்சம்தான். தரை கண்ணாடி மாதிரி மின்னும். நாலு பேர் ஒயிலாக நடப்பார்கள், யார் கையிலும் பெரிய பெட்டி இருக்காது. வரிசையே கிடையாது. சுங்கவரி இல்லாக் கடையின் விளம்பரப் பலகை, ஈரத்தரை எச்சரிக்கை, சார்ஜர் தேடி மூலையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் பையன், எதுவும் இருக்காது. ஒருமுறை ஒரு பேருந்து நிலைய வடிவமைப்புத் தேர்வில் நானும் உட்கார்ந்திருந்தேன். அழகான மாடல், கூரையைத் தனியாகக் கழற்றலாம். கழற்றிப் பார்த்தோம். பக்கத்திலிருந்த நகராட்சி அம்மா ஒருவர் குனிந்து தேடிவிட்டு, "கக்கூஸ் எங்கேப்பா?" என்றார். இல்லை. அன்றிலிருந்து நான் முதலில் எண்ணுவது கழிப்பறைகளைத்தான்.

அடுத்து பிளானை எடுங்கள். விமானம் நிற்கும் பக்கத்திலிருந்து தொடங்குங்கள், வாசல் பக்கத்திலிருந்து அல்ல. ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்களுக்கு இறக்கை விரிவு 36 மீட்டருக்குள் இருக்கும். பக்கத்து விமானத்தோடு 4.5 மீட்டர் இடைவெளி வேண்டும். ஆக ஒன்றுக்கு 40.5 மீட்டர். போயிங் 777 மாதிரி பெரியவை 65 மீட்டர் வரை விரியும், இடைவெளி 7.5, ஆக 72.5 மீட்டர். கட்டடத்திலிருந்து கைபோல நீளும் 600 மீட்டர் பகுதியின் ஒரு பக்கத்தில் சின்ன விமானம் 14 நிறுத்தலாம், பெரியது என்றால் 8. குழு 'மொத்தம் இத்தனை கேட்' என்று எழுதியிருந்தால், எந்த அளவு விமானத்துக்கு என்று கேளுங்கள். பல நேரம் பெரியதையும் சின்னதையும் ஒரே நேரத்தில் இரண்டு முறை எண்ணியிருப்பார்கள்.

வளைவுகளில் கவனம். மேலிருந்து பார்த்தால் நட்சத்திரம், தாமரை, மயில், பறவை என்று வடிவங்கள் கண்ணைப் பறிக்கும். பயணிக்கு அந்த வடிவம் தெரியாது, அவர் உள்ளே இருக்கிறார். ஆனால் இரண்டு கைகள் சந்திக்கும் உள்முக்கில் விமானம் நிறுத்த முடியாது. நிறுத்தினாலும் ஒன்று பின்வாங்கும்போது மற்றது காத்திருக்க வேண்டும். அதற்காக நட்சத்திரமே கூடாது என்று சொல்லவில்லை. ஸாஹா ஹதீத் நிறுவனமும் பிரான்ஸின் ஏ.டி.பி.ஐ.யும் சேர்ந்து செய்த பெய்ஜிங் டாக்ஸிங் விமான நிலையம் நட்சத்திரம்தான். நடுவில் சோதனையை முடித்துக்கொண்டு, எந்தக் கைக்கும் எட்டு நிமிடத்துக்குள் நடக்கலாம் என்பது அதன் கணக்கு. அங்கே வடிவம் நடையைக் குறைக்க வந்தது. ஸ்டூடியோ ஓ.ஆர்.டி.யின் திட்டத்தில் மூன்று கிளைகள் நடுவில் ஒரு பெரிய வெளிச்சக் கூடத்தில் சந்திக்கும். சிகாகோ ஆற்றின் கிளைகள் சேருமிடத்தை நினைவுபடுத்துவது என்றார்கள். கதை நன்றாக இருக்கிறது. ஆனால் தேர்வுக்குழுவில் இருந்தால் நான் கேட்பது, ஒரு கிளையின் நுனியிலிருந்து இன்னொரு கிளையின் நுனிக்கு அந்த டெல்லி அம்மாவுக்கு எத்தனை நிமிடம் என்பது.

ஒரு மெல்லிய தாளைப் பிளான் மேல் போட்டு, பென்சிலால் அவர் வழியை வரையுங்கள். எத்தனை முறை மாடி மாறுகிறார், எத்தனை முறை திரும்புகிறார் என்று குறியுங்கள். நகரும் நடைபாதை இல்லாமல் 300 மீட்டருக்கு மேல் நடக்க வைத்தால் சிவப்பு. லிஃப்ட் கூட்டத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் சிவப்பு. ஐந்து வடிவமைப்புக்கும் இதே பயணியை நடக்க விடுங்கள். ஒரு மணி நேரத்தில் ஐந்து தாள்களும் ஐந்து கதை சொல்லும்.

அப்புறம் குறுக்குவெட்டுப் படம். கட்டடத்தைக் கத்தியால் இரண்டாக வெட்டிக் காட்டும் இந்தப் படம்தான் உண்மை பேசும். இதில் மூன்று விஷயம் தேடுங்கள்.

பெட்டி எங்கே போகிறது? டென்வரில் கட்டட வேலை நடந்துகொண்டிருக்கும்போது, தானியங்கிப் பெட்டி ஒழுங்கமைப்பை உள்ளே நுழைத்தார்கள். வளைவுகள் இறுகின, இயந்திரம் பெட்டிகளைக் கடித்துத் துப்பியது. நிலையம் 1995 பிப்ரவரியில் திறந்தபோது 16 மாதம் தாமதம். பெட்டி போகும் பாதை முதலில், கட்டடம் அதைச் சுற்றி.

புகை எங்கே போகிறது? பெர்லினின் புது நிலையத்தில் கூரைமேல் புகைபோக்கி தெரியக்கூடாது என்று, புகையைக் கீழே இழுத்து வெளியேற்றும் ஏற்பாடு செய்தார்கள். புகைக்கு மேலே போவதுதான் இயல்பு. 2012 ஜூனில் திறப்பு விழா வைத்திருந்த நிலையம், சில வாரத்துக்கு முன் தீயணைப்பு ஏற்பாடு தேறாமல் தள்ளிப்போய், 2020 அக்டோபர் 31-ல்தான் திறந்தது. காரணங்கள் இன்னும் பல உண்டு. நடுவில் மாற்றிக்கொண்டே போன திட்டமும் அதில் ஒன்று. ஆனால் குறுக்குவெட்டுப் படத்தின் முன்னால் ஒரு தீயணைப்பு அதிகாரியை முதல் நாளே உட்கார வைத்திருந்தால் பாதித் தலைவலி மிச்சம்.

மூன்றாவது, மேலே எப்படி ஏறுவது? 25 மீட்டர் உயரத்தில் ஒரு விளக்கு எரியவில்லை என்றால் யார், எந்த ஏணியில், கீழே பயணிகள் நடக்கும்போது? கண்ணாடி உடைந்தால்? சென்னையில் 2013-ல் திறந்த டெர்மினல்களில் கண்ணாடியும் கூரைப்பலகையும் விழுவதும், பத்திரிகைகள் 'இத்தனையாவது முறை' என்று எண்ணி எழுதுவதும் நமக்கெல்லாம் பழக்கமாகிப்போன வேடிக்கை. வரைந்த நாளில் அது பளபளப்பான படமாகத்தான் இருந்திருக்கும்.

கூரை உயரத்தைக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து பார்க்கும் கோட்டோடு ஒப்பிட மறக்காதீர்கள். கோபுரத்தில் இருப்பவருக்கு ஓடுபாதையின் எந்த மூலையும் மறையக்கூடாது. அழகான அலைக்கூரை இந்தச் சோதனையில் தட்டையாவதைப் பலமுறை பார்க்கலாம்.

படி 7: ஓடும் பேருந்தில் டயர் மாற்றுவது

புது நிலையத்தைக் காலி மைதானத்தில் கட்டுவது ஒரு வேலை. விரிவாக்கம் வேறு வேலை. பழைய டெர்மினலை இடித்தால் அங்கே நிற்கும் விமானங்கள் எங்கே போகும்? ஒஹேரில் இதற்காகவே, முதலில் தனியே நிற்கும் துணை முனையங்களைக் கட்டி, விமானங்களை அங்கே மாற்றி, அதன்பிறகு இரண்டாவது டெர்மினலை இடிப்பது என்று திட்டம் போட்டார்கள். 2024 சண்டையும் பெரிதும் இந்த வரிசை பற்றியதுதான்.

எனவே ஒவ்வொரு குழுவிடமும் வருஷவாரியாகப் படம் கேளுங்கள். மூன்றாவது வருஷம் நவம்பர் மாதத்தில் டாக்ஸி எங்கே நிற்கும், பயணி எந்தக் கதவால் நுழைவார் என்று. இதைச் செய்து காட்டியவர்கள் உண்டு. அமெரிக்காவின் போர்ட்லண்டில் 2024 ஆகஸ்டில் திறந்த பிரதான டெர்மினலுக்கு ஒன்பது ஏக்கர் மரக்கூரை. இசட்.ஜி.எஃப். வடிவமைத்தது. சுற்றுவட்டாரக் காடுகளின் மரம். கூரையைத் துண்டு துண்டாக விமான நிலைய வளாகத்திலேயே வேறொரு பக்கம் செய்து, இரவில் நகர்த்திக்கொண்டு வந்து, பயணிகள் போய்வந்துகொண்டிருந்த கட்டடத்தின் மேல் ஏற்றினார்கள். கட்டும் முறையே வடிவமைப்பின் பாதி என்பது அங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

படி 8: மக்களிடம் காட்டுங்கள், ஆனால் சரியான கேள்வி கேளுங்கள்

சிகாகோ மாடல்களை வெளியில் வைத்தது நல்ல காரியம். வாக்குப்பதிவு ஒரு வாரம் அளவுக்கே நடந்தது, முடிவும் அதைப் பொறுத்து இல்லை. தேர்வுக்குழு தன் கணக்கைப் போட்டது. 'எது பிடிக்கிறது?' என்று கேட்டால் படத்துக்குத்தான் வாக்கு விழும். 'இந்த நிலையத்தில் உங்களுக்கு எது வலித்தது?' என்று கேட்டிருந்தால், வடிவமைப்புக்கு முந்தைய ஆறு மாதத்தில் கேட்டிருந்தால், அந்த 40 ஆயிரம் பதில்கள் தங்கம். மக்கள் கருத்துக்கு உரிய இடம் படி 1, படி 8 அல்ல. இருந்தாலும் காட்டாமல் விடுவதைவிடக் காட்டுவது மேல். மூடிய அறையில் தேர்வானதை ஊர் நம்பாது.

படி 9: அறிவித்த மறுநாள்

முதலிடம் வந்தவரோடு ஒப்பந்தம் போடும்போது மூன்று நான்கு வாக்கியங்கள் கட்டாயம். எந்த அம்சத்தை அவர் ஒப்புதல் இல்லாமல் மாற்றக்கூடாது. செலவு கூடினால் எந்த வரிசையில் குறைப்பது. நேர்காணலுக்கு வந்த முக்கிய ஆட்கள் மாறினால் என்ன. வேலை நடுவில் நின்றால் வரைபடங்கள் யாருக்குச் சொந்தம்.

ஏனென்றால் வடிவமைப்பு மாறும். லண்டன் ஹீத்ரோவின் ஐந்தாவது டெர்மினலுக்கு ரிச்சர்ட் ராஜர்ஸ் நிறுவனம் 1989-ல் தேர்வானது. பொது விசாரணை மட்டுமே 1995-லிருந்து 1999 வரை இழுத்தது. 2008 மார்ச்சில் திறந்தபோது, முதலில் வரைந்த அலைக்கூரை போய் ஒரே வில்லாக வளைந்த கூரை நின்றது. கெட்டுப்போகவில்லை, நன்றாகத்தான் இருந்தது. ஸ்டான்ஸ்டெட்டின் கதை வேறு. 1991-ல் ஃபாஸ்டர் இயந்திரங்களையெல்லாம் தரைக்குக் கீழே அனுப்பிவிட்டு, உள்ளே நுழைந்ததும் எதிரே விமானம் தெரியும்படி செய்தார். பின்னால் வந்த கடைகளும் சோதனைத் தடுப்புகளும் அந்தப் பார்வையை மறைத்தன. அந்தப் பார்வைதான் வடிவமைப்பின் உயிர், அதைத் தொடக்கூடாது என்று எங்கும் எழுதி வைக்காவிட்டால், அடுத்து வரும் மேலாளருக்கு அது வாடகைக்கு விடாத காலி இடமாகத்தான் தெரியும்.

தோற்றவர்களை வழியனுப்பி வைக்கும் முறையும் முக்கியம். ஒவ்வொரு குழுவையும் கூப்பிட்டு, எதில் எத்தனை மதிப்பெண் என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். வழக்கு வராது, வந்தாலும் நிற்காது. அதோடு, தோற்றவர் நாளைக்கும் வேண்டியவர். ஒஹேரில் பிரதான டெர்மினலைத் தவறவிட்ட எஸ்.ஓ.எம். குழுவுக்குத் துணை முனையங்களின் வேலையைச் சிகாகோ கொடுத்தது. வரிசை மாறிய பிறகு 2025-ல் முதலில் கடைக்கால் தோண்டியது அந்தத் துணை முனையங்களில் ஒன்றான டி கான்கோர்ஸுக்குத்தான். போட்டியில் ஜெயித்தவரின் கட்டடம் அதன்பின் காத்திருக்கிறது.

படி 10: கோப்பை மூடாதீர்கள்

மதிப்பெண் அட்டைகள், ஐந்து மெல்லிய தாள்கள், நேர்காணலில் கேட்ட கேள்விகள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, திறப்பு விழா முடிந்து ஒரு வருஷம் கழித்துத் திறப்பதற்கு ஒரு தேதி குறியுங்கள். அன்றைக்கு அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு, நெருக்கடி நேரத்தில், பெரிய பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு, பென்சில் கோடு போன வழியிலேயே தேர்வுக்குழு முழுவதும் நடக்கட்டும். கையில் கடிகாரம் இருக்கட்டும். நடுவழியில் கழிப்பறை தேடவும் செய்யுங்கள்.